காற்றுப்பைக் கோளாறால் காயமடைந்தவருக்குச் சிங்கப்பூரில் உள்ள சட்ட வழிகள்

காரில் காற்றுப்பை உயிரைக் காப்பதற்காகவே பொருத்தப்படுகிறது. அதனால்தான் அதுவே காயத்துக்குக் காரணமாகும்போது, "விபத்து என்றால் அடிபடத்தான் செய்யும்" என்று பலரும் ஆராயாமல் விட்டுவிடுகிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிச் சில மாதங்கள் கழித்து, அதே ரகக் கார்களைக் கோளாற்றைச் சரிசெய்வதற்காகத் தயாரிப்பாளர் மீட்டுக்கொள்கிறார் (ரீகால்) என்ற செய்தியைப் படித்த பிறகுதான் ஐயம் எழுகிறது. அதற்குள் அந்தக் கார் பெரும்பாலும் நசுக்கப்பட்டோ வேறு நாட்டுக்குக் கப்பலேறியோ போயிருக்கும். சிங்கப்பூரில் இத்தகைய வழக்குகளுக்கு உள்ள முதன்மையான இடர் சட்டத்தைவிடச் சான்று தொலைந்துபோவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே இவ்வழிகாட்டியில் சட்டப் பிரிவுகளுக்குச் செலவிடும் அளவுக்கு உடைந்த வண்டிக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்கள் வழக்குக்கு உரிய ஆலோசனையை வழக்கறிஞரிடமே பெறவேண்டும்.

எது கோளாறு, எது கோளாறன்று

மோதல் நேர்ந்ததும் காற்றுப்பை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் விரிந்துவிடுகிறது. அவ்வளவு வேகத்தில் முகத்தைத் தாக்கும் துணி சிராய்ப்பையும், கையில் இலேசான தீப்புண்ணையும், சிலருக்கு மூக்குடைவையும்கூட ஏற்படுத்தலாம். ஒழுங்காக வேலை செய்த காற்றுப்பையாலும் இவை நேரும் என்பதால், இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வழக்குத் தொடுப்பது கடினம். அதேபோல், காற்றுப்பை விரியவில்லை என்பதே கோளாறுக்குச் சான்றாகிவிடாது. முன்புறக் காற்றுப்பை ஓரளவு கடுமையான முன்புற மோதலுக்காக வடிவமைக்கப்பட்டது. பின்னாலிருந்து இடிபட்டாலோ, மெதுவான வேகத்தில் முட்டினாலோ அது விரியாமல் இருப்பதே பெரும்பாலும் சரியான செயல்பாடு.

உண்மையான கோளாறுகள் மூவகைப்படும்: விரியவேண்டிய கடுமையான மோதலில் விரியாதிருத்தல், மோதலே இல்லாமல் திடீரென விரிதல், விரியும்போது அளவுக்கு மீறிய விசையுடன் வெடித்தல். உலகம் முழுவதும் பேசப்பட்ட தக்காத்தா விவகாரம் மூன்றாம் வகையைச் சேர்ந்தது. ஜப்பானிய நிறுவனமான தக்காத்தா, பையை நிரப்பும் வாயுவை உண்டாக்க அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பல ஆண்டுகள் ஈரப்பதத்துக்கும் வெப்ப ஏற்றத்தாழ்வுக்கும் ஆளான அந்த வேதிப்பொருள் சிதைந்து, எரியும்போது தேவைக்கு மேல் அழுத்தம் கொடுத்தது. அதனால் இன்ஃப்ளேட்டர் எனப்படும் உலோகக் கலமே உடைந்து, அதன் துண்டுகள் ஓட்டுநரின் கழுத்திலும் முகத்திலும் பாய்ந்தன. ஹோண்டா 2008இல் சில ஆயிரம் கார்களுடன் தொடங்கிய மீட்டுக்கொள்ளும் நடவடிக்கை, பின்னர் பல தயாரிப்பாளர்களின் கோடிக்கணக்கான இன்ஃப்ளேட்டர்களுக்கு விரிவடைந்தது. 2014 ஜூலையில் சரவாக்கில் நேர்ந்த ஒரு விபத்தில் கர்ப்பிணி ஒருவர் இவ்வாறு உயிரிழந்தார். வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டு முழுவதும் நீடிக்கும் நம் பகுதிக்கு இந்தக் கோளாறு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்ல அந்த ஒரு நிகழ்வே போதும்.

வாகன உரிமைச் சான்றிதழை (சிஓஇ) புதுப்பித்துப் பத்து ஆண்டுகளைத் தாண்டியும் காரை வைத்திருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனம் செலுத்தவேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாய வாகனப் பரிசோதனையில் யாரும் இன்ஃப்ளேட்டரைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பரிசோதனையில் தேறிவிட்ட கார் என்பதால் அதன் காற்றுப்பையும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக்கூடாது.

முதல் நாள்கள்: காயமும் வண்டியும்

காயம் ஏற்பட்ட விபத்து என்றால் காவல்துறைக்கும் மருத்துவ உதவிக்கும் அழைப்பது முதற்கடமை. காப்புறுதி நிறுவனத்திடம் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் விபத்தைத் தெரிவிக்கவேண்டும் என்பது இங்குள்ள நடைமுறை. தவறினால் காப்புறுதிச் சலுகையை இழக்க நேரிடலாம். அந்த அறிக்கையில் "காற்றுப்பை விரிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், கண்டதை எல்லாம் எழுதச் சொல்லுங்கள்: பை எந்த நேரத்தில் விரிந்தது, வெடிச்சத்தம் கேட்டதா, பையின் துணி கிழிந்திருந்ததா, ஸ்டியரிங்கின் நடுப்பகுதி உடைந்திருந்ததா, விபத்துக்கு முன்பே முகப்புப் பலகையில் காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு எரிந்ததா. எல்லாம் நினைவில் பசுமையாக இருக்கும் அன்றே எழுதப்பட்ட அறிக்கைக்கு, ஓராண்டு கழித்துச் சொல்லும் சாட்சியத்தைவிட மதிப்பு அதிகம்.

மருத்துவரிடமும் விபத்து நடந்த முறையை விளக்கமாகச் சொல்லவேண்டும். கழுத்திலோ கண்ணிலோ உலோகத் துண்டு புகுந்து அறுவை சிகிச்சை நடந்தால், எடுக்கப்பட்ட துண்டை அப்புறப்படுத்தாமல் பாதுகாத்துத் தருமாறு உடனிருக்கும் குடும்பத்தார் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளட்டும். அந்தச் சிறு துண்டு இன்ஃப்ளேட்டரின் சுவரிலிருந்து வந்தது என்று ஒரு பொறியாளர் நிறுவிவிட்டால், வழக்கின் பாதிச் சுமை குறைந்துவிடும். காயங்களை நாள்வாரியாகப் படமெடுத்து வைப்பதும், மருத்துவ விடுப்புச் சான்றிதழ், ரசீது, டாக்சிக் கட்டணச் சீட்டு ஆகியவற்றை ஒரே உறையில் சேர்த்து வைப்பதும் எளிய வேலைகள். ஆனாலும் பலர் செய்வதில்லை.

இனி வண்டி. பழுதுபார்க்க ஆகும் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கினால், காப்புறுதி நிறுவனம் அதை முழு இழப்பு என்று அறிவித்து உங்களுக்குப் பணம் தரும். அத்துடன் உடைந்த வண்டி பெரும்பாலும் அந்நிறுவனத்தின் உடைமையாகிவிடும். ஓடாத வண்டியைப் பதிவில் வைத்திருந்தால் வாகன உரிமைச் சான்றிதழின் எஞ்சிய மதிப்பு நாள்தோறும் கரைந்துகொண்டிருக்கும் என்பதால், பதிவை விரைவில் நீக்கிக் கழிவுத் தொகையைப் பெற்றுவிட எல்லோரும் அவசரப்படுவார்கள். பதிவு நீக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் வண்டியை நசுக்கியோ ஏற்றுமதி செய்தோ அதற்கான சான்றைக் காட்டவேண்டும். மற்ற நாடுகளில் ஒரு கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடிய சான்று, இங்கே சில வாரங்களில் இல்லாமல் போவதற்கு இந்த ஏற்பாடே காரணம். இதில் யாருடைய தீய எண்ணமும் இல்லை.

ஆகவே காற்றுப்பை மீது ஐயம் எழுந்த அன்றே, காப்புறுதி நிறுவனத்துக்கும், வண்டி இழுத்துச் செல்லப்பட்ட பட்டறைக்கும், வண்டி வாடகை அல்லது கடன் நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அந்நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த வண்டி ஒரு சட்டக் கோரிக்கைக்கான சான்று, இதை அப்புறப்படுத்தவோ பழுதுபார்க்கவோ பாகங்களைக் கழற்றவோ வேண்டாம் என்று அதில் தெளிவாகச் சொல்லவேண்டும். தொலைபேசியில் சொன்னது பின்னாளில் யாருக்கும் நினைவிருக்காது. முழு வண்டியையும் வைத்திருக்க வழியில்லை என்றால், ஸ்டியரிங், விரிந்த பை, இன்ஃப்ளேட்டர், இருக்கை வார், காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவற்றையாவது காப்பாற்ற வழக்கறிஞர் மூலம் முயலலாம். கட்டுப்பாட்டுக் கருவி என்பது இருக்கைகளுக்கு நடுவே தரையை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு சிறு பெட்டி. பல கார்களில் மோதலின்போது வண்டியின் வேகம் எவ்வளவு மாறியது, வார் பூட்டப்பட்டிருந்ததா, பை விரிய எப்போது கட்டளை பிறந்தது என்பன போன்ற விவரங்கள் அதில் பதிவாகின்றன. பழுதுபார்க்கும் பட்டறை அந்தப் பெட்டியை மாற்றிவிட்டாலோ, அதன் நினைவகத்தை அழித்து மறுபடி பயன்படுத்தினாலோ அந்தப் பதிவு போய்விடும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. விரியாத காற்றுப்பையை நீங்களோ தெரிந்த மெக்கானிக்கோ கழற்ற முயலவேண்டாம். அது இன்னும் வெடிக்கக்கூடிய பொருள். மேலும், எதிர்த்தரப்பு உடனில்லாமல் பிரித்துப் பார்த்த பாகத்தின் மீது, "நீங்களே சேதப்படுத்தினீர்கள்" என்ற வாதம் நிச்சயம் எழும். இரு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து, பிரிக்காமல் செய்யும் ஆய்வை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஒப்புதலுடன் பிரிப்பதே பாதுகாப்பான முறை.

இதே நாள்களில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் இணையத்தளத்தில் உங்கள் வண்டி மீட்டுக்கொள்ளும் நடவடிக்கைக்கு உள்ளானதா என்று பாருங்கள். பார்த்த பக்கத்தைத் தேதியுடன் சேமித்து வையுங்கள். தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் அடிச்சட்ட எண்ணைக் கொடுத்தும் தேடலாம். பட்டியலில் இருந்தால் கோளாறு தெரிந்த ஒன்று என்பதற்கு அது வலுவான சான்று. ஆயினும் உங்கள் காயம் அக்கோளாறால்தான் விளைந்தது என்பதை நீங்கள் தனியே நிறுவவேண்டும். பட்டியலில் இல்லை என்றால் வழக்கே இல்லை என்றும் பொருளாகாது. ஐயத்துக்குரிய கோளாறை ஆணையத்துக்குத் தெரிவிப்பது மற்றவர்களுக்கும் பயன்படும்.

யாரிடம் கோருவது

இங்கிலாந்திலும் வேறு பல நாடுகளிலும் பொருளில் குறை இருந்தாலே தயாரிப்பாளர் பொறுப்பேற்கவேண்டும், அவருடைய கவனக்குறைவை நிறுவத் தேவையில்லை என்று தனிச்சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரில் அப்படிப்பட்ட தனிச்சட்டம் இல்லை. அமெரிக்க இணையத்தளங்களைப் படித்துவிட்டு வருபவர்கள் முதலில் ஏமாற்றமடைவது இந்த இடத்தில்தான். இங்கே ஒப்பந்தத்தின் வழியாகவோ, கவனக்குறைவு என்ற பொதுச்சட்டக் (நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவான சட்டம்) கோட்பாட்டின் வழியாகவோ, வேலையிடக் காய இழப்பீட்டின் வழியாகவோதான் செல்லவேண்டும். உங்களுக்குத் திறக்கும் கதவு, நீங்கள் அந்தக் காரில் யாராக அமர்ந்திருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

மோதலை உண்டாக்கியவர் வேறொரு ஓட்டுநர் என்றால், அவருடைய காப்புறுதியே பெரும்பாலும் எளிய வழி. மூன்றாம் தரப்புக் காயத்துக்கான காப்புறுதி இங்கே கட்டாயம் என்பதால் பணம் கொடுக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. காற்றுப்பையால் காயம் மோசமானது என்று தெரிந்தால் அந்நிறுவனம் தயாரிப்பாளரைக் கைகாட்டும். அப்போது அந்த ஓட்டுநரையும் தயாரிப்பாளரையும் ஒரே வழக்கில் பிரதிவாதிகளாகச் சேர்க்கலாம், பொறுப்பைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வது அவர்கள் பாடு. பயணியாக இருந்தவர், தவறு தம் ஓட்டுநருடையதாக இருந்தாலும் அவருடைய காப்புறுதியிடம் கோரலாம். தந்தையோ கணவரோ வண்டியை ஓட்டியிருந்தால் அவர்மீது எப்படி வழக்குப் போடுவது என்று நம் குடும்பங்களில் தயங்குவதுண்டு. பெயரளவில் அவர் பிரதிவாதி ஆனாலும், பணம் தருவது பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே. தவறு முழுவதும் உங்களுடையது என்றால் மட்டும், உங்கள் சொந்தக் காயத்துக்கு வாகனக் காப்புறுதியில் தனிநபர் விபத்துச் சலுகையைத் தவிர அதிகம் கிடைக்காது. காற்றுப்பைக் கோரிக்கை முதன்மை பெறுவது அந்த நிலையில்தான்.

காரை வாங்கியவர் நீங்கள் என்றால், விற்பனையாளர் மீது ஒப்பந்த வழியில் கோரலாம். வணிகமாக விற்கும் ஒருவரின் பொருள் திருப்தியான தரத்துடன் இருக்கவேண்டும் என்பதைப் பொருள் விற்பனைச் சட்டம் ஒப்பந்தத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. இங்கே விற்பனையாளரின் கவனக்குறைவை நிறுவவேண்டியதில்லை, விற்றபோதே பொருள் குறையுள்ளதாக இருந்தது என்று காட்டினால் போதும்; அதனால்தான் வழக்கறிஞர்கள் இந்த வழியை முதலில் ஆராய்கிறார்கள். ஆனால் விற்பனையாளர் உண்மையில் யார் என்பதை ஒப்பந்தத் தாளைப் பார்த்தே முடிவுசெய்யவேண்டும். அதிகாரபூர்வ முகவரிடம் வாங்கினீர்களா, இணை இறக்குமதி நிறுவனத்திடம் வாங்கினீர்களா, வாடகைக் கொள்முதலில் வண்டியின் சட்ட உரிமை நிதி நிறுவனத்திடம் இருக்கிறதா என்பவை எல்லாம் விடையை மாற்றும். பழைய கார் வாங்குவோர் சிக்கிக்கொள்ளும் ஒரு கண்ணி உண்டு: காட்சியகத்தில் நின்ற கார், அந்த நிறுவனத்தின் சொந்தக் கார் அல்லாமல், முந்தைய உரிமையாளரின் சார்பில் கன்சைன்மெண்ட் முறையில் விற்கப்பட்டதாக இருக்கலாம். அப்போது உங்கள் ஒப்பந்தம் ஒரு தனிநபருடன் ஏற்பட்டதாக வாதிடப்படும்; தனிநபர் விற்பனைக்குத் தரம் பற்றிய அந்த விதி பொருந்தாது.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள லெமன் சட்டத்தைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் குறை தென்பட்டால், அது ஒப்படைத்தபோதே இருந்தது என்று அச்சட்டம் ஊகிக்கிறது. பழுதுபார்த்தல், மாற்றிக்கொடுத்தல், விலைக்குறைப்பு, பணத்தைத் திரும்பப் பெறுதல் ஆகியவற்றுக்கு வழி செய்கிறது. வண்டிக்கான நிவாரணத்துக்கு அது உதவும். உடற்காய இழப்பீட்டை அதன்கீழ் எதிர்பார்க்க வேண்டாம். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தையும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தையும் பற்றிச் சொல்லவேண்டியதும் இதுவே.

பயணிகளுக்கும், காரை இரவல் வாங்கி ஓட்டியவர்களுக்கும், விற்பனையாளருடன் ஒப்பந்தம் இல்லாத மற்றவர்களுக்கும் எஞ்சுவது கவனக்குறைவு வழக்கு. காற்றுப்பைத் தயாரிப்பாளர், கார் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், முன்பு ஸ்டியரிங்கை மாற்றிய பட்டறை, மீட்டுக்கொள்ளும் அறிவிப்பு வந்தும் காரைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விட்ட நிறுவனம் என்று பலர் இதில் வரலாம். எவரெவருக்கு உங்கள்பால் கவனக் கடமை இருந்தது, அவர் அதில் எங்கே தவறினார், அத்தவறுதான் காயத்தை உண்டாக்கியதா என்ற மூன்றையும் எது அதிக வாய்ப்புள்ளது என்ற அளவுகோலில் நிறுவவேண்டும். தயாரிப்பாளர் வெளிநாட்டில் இருந்தால், வழக்கு ஆவணத்தை நாட்டுக்கு வெளியே சேர்ப்பிக்க நீதிமன்ற விதிகளின்படி தனி நடவடிக்கை தேவைப்படும். இந்த வழக்கை விசாரிக்கச் சிங்கப்பூர் பொருத்தமான இடமன்று என்ற எதிர்வாதமும் வரலாம். காலமும் செலவும் கூடுவதால், உள்ளூரில் பொறுப்பாளர் ஒருவர் இருந்தால் அவரிடமிருந்து தொடங்குவதே அறிவுடைமை. தக்காத்தா நிறுவனமோ 2017இல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திவால் பாதுகாப்பு கோரிவிட்டது. அமெரிக்கக் குற்றவியல் வழக்கில் அந்நிறுவனம் ஒப்புக்கொண்ட 100 கோடி அமெரிக்க டாலரில், காயமடைந்தவர்களுக்கான நிதிக்கு ஒதுக்கப்பட்டது 12.5 கோடி. அந்த நிதிக்குத் தகுதியும் கெடுவும் தனி என்பதால், உங்கள் காரில் இருந்தது தக்காத்தா பாகம் என்று தெரிந்தால் மட்டும் வழக்கறிஞரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

"எந்தச் சேதத்துக்கும் நிறுவனம் பொறுப்பாகாது" என்று ஒப்பந்தத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தால் மனம் தளரவேண்டாம். கவனக்குறைவால் விளையும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான பொறுப்பை ஒப்பந்த வாசகத்தால் தட்டிக்கழிக்க, நியாயமற்ற ஒப்பந்த விதிகள் சட்டம் இடம் தருவதில்லை.

வேலை நேரத்தில் காயமடைந்தவர்கள்

நிறுவனத்தின் லாரியையோ வேனையோ ஓட்டியபோது, அல்லது அதில் வேலைக்காகச் சென்றபோது காயமடைந்த ஊழியருக்கு, வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் யாருடைய தவறு என்ற கேள்வியே இல்லாத ஒரு வழியைத் தருகிறது. வெளிநாட்டு ஊழியருக்கும் உள்ளூர் ஊழியருக்கும் அது ஒன்றே. மருத்துவச் செலவு, மருத்துவ விடுப்புக் காலச் சம்பளம், நிரந்தர உடற்குறைக்கான தொகை ஆகியவை கிடைக்கும்; வலிக்கும் வேதனைக்கும் தனித்தொகை கிடையாது, உச்சவரம்பும் உண்டு. விபத்து நடந்த ஓராண்டுக்குள் கோரவேண்டும். இந்த இழப்பீட்டையும் பொதுச்சட்ட வழக்கில் வரும் இழப்பீட்டையும் ஒரே காயத்துக்கு இரட்டையாகப் பெற முடியாது. எனவே கடுமையான காயம் என்றால், இழப்பீட்டு மதிப்பீட்டை ஏற்கும் முன்பே வழக்கறிஞரைக் கலந்துகொள்வது நல்லது. ஏற்றுக்கொண்ட பிறகு பின்வாங்க வழியில்லாமல் போகலாம்.

தனியார் வாடகைக் கார் ஓட்டுநர்களும் உணவு விநியோகிப்போரும் முன்பு இந்த வட்டத்துக்கு வெளியே இருந்தார்கள். 2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம் அவர்களுக்கும் வேலையிடக் காய இழப்பீட்டை நீட்டித்தது. விபத்து நேர்ந்தபோது செயலியின் வழியே பயணியை ஏற்றச் சென்றுகொண்டிருந்தீர்களா என்பது முக்கியமாகும் என்பதால், அன்றைய பயணப் பதிவைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வையுங்கள்.

கெடு

உடற்காயத்துக்கான வழக்கை, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும் என்கிறது காலவரம்புச் சட்டம். ஆறு ஆண்டுகள் என்று சிலர் சொல்வது பொதுவான ஒப்பந்த வழக்குகளுக்கான வரம்பு. காயத்துக்கு அதை நம்பியிருந்தால் உரிமை பறிபோகும். காயத்துக்கும் அதன் காரணத்துக்கும் உள்ள தொடர்பு பின்னர்தான் தெரியவந்தது என்றால், தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்று கணக்கிட இடமுண்டு. மீட்டுக்கொள்ளும் அறிவிப்பு தாமதமாக வெளிவரும் காற்றுப்பை வழக்குகளில் இது பயனுள்ள விதி. ஆயினும் நியாயமாக விசாரித்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்றும் நீதிமன்றம் பார்க்கும். கவனக்குறைவு நடந்து 15 ஆண்டுகள் கடந்துவிட்டால் அந்த நீட்டிப்பும் முடிந்துவிடும். உயிரிழந்தவரைச் சார்ந்திருந்த மனைவி, கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் குடியியல் சட்டத்தின்கீழ் தொடுக்கும் வழக்குக்கு, இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்பதால் கடிகாரம் நின்றுவிடுவதில்லை.

கோரிக்கைக் கடிதமும் நீதிமன்றமும்

வழக்கு தொடுப்பதற்கு முன், காய வழக்குகளுக்கென அரசு நீதிமன்றங்கள் வகுத்துள்ள முன்நடைமுறைப்படி எதிர்த்தரப்புக்குக் கோரிக்கைக் கடிதம் அனுப்பி, மருத்துவ அறிக்கைகளையும் செலவு விவரங்களையும் பகிர்ந்துகொள்ளவேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள நீதிமன்ற விதிகள், வழக்குக்கு முன்பே இணக்கத் தீர்வுக்கு முன்வருவதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பெரும்பாலான காயக் கோரிக்கைகள் இந்தக் கட்டத்திலோ, நீதிபதி முன்னிலையில் நடக்கும் சமரசக் கட்டத்திலோ முடிந்துவிடுகின்றன. எஞ்சியவற்றில் 60,000 வெள்ளி வரையிலானவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கும், 250,000 வெள்ளி வரையிலானவை மாவட்ட நீதிமன்றத்துக்கும் செல்லும். சாலை விபத்துக் காய வழக்குகளுக்கு மாவட்ட நீதிமன்றத்தின் வரம்பு 500,000 வெள்ளி. அதற்கு மேற்பட்டவை உயர் நீதிமன்றத்துக்கு உரியவை.

இவ்வகை வழக்கில் பொறியாளரின் அறிக்கைதான் முதுகெலும்பு. நிபுணர் சாட்சியத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்; இயன்றவரை இரு தரப்புக்கும் பொதுவான ஒரு நிபுணரையே நீதிமன்றம் விரும்பும். செலவைக் குறைக்கும் ஏற்பாடு இது. ஆனால் அந்த ஒருவரின் முடிவு உங்களுக்குப் பாதகமானால் வழக்கு அங்கேயே தள்ளாடும் என்பதால், அவரிடம் எந்தெந்தக் கேள்விகள் வைக்கப்படுகின்றன என்பதில் உங்கள் வழக்கறிஞர் கவனமாக இருக்கவேண்டும்.

இழப்பீடு இரு பகுதிகளைக் கொண்டது: வலி, வேதனை, வாழ்க்கை வசதி இழப்பு, எதிர்கால வருமான இழப்பு போன்று நீதிமன்றம் மதிப்பிடுபவை ஒன்று, மருத்துவச் செலவு, இழந்த சம்பளம் போன்று ரசீதுகளால் நிறுவப்படுபவை மற்றொன்று. இருக்கை வார் அணியாதிருந்தாலும், பலமுறை வந்த மீட்டுக்கொள்ளும் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும், உங்கள் பங்குக்கு ஒரு விழுக்காடு கழிக்கப்படும் என்பதை எதிர்பார்த்திருங்கள். தமிழில்தான் தெளிவாகப் பேச முடியும் என்றால், முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுத் தமிழில் சாட்சியம் அளிக்கலாம். அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பின்னர் திருத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஜோகூரிலோ மலாக்காவிலோ விபத்து நேர்ந்தால், அங்குள்ள காவல் நிலையத்தில் அறிக்கை பதிந்து, அதன் நகலுடன் திரும்புங்கள். எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், எங்கே வழக்குத் தொடுப்பது என்ற கேள்விகள் கூடுதலாக எழும், கெடுவும் மாறலாம்.

வழக்கறிஞர், கட்டணம், கையெழுத்து

இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு தருகிறேன் என்று வழக்கறிஞருடன் பேசிக்கொள்வது, இத்தகைய நீதிமன்ற வழக்குகளுக்குச் சிங்கப்பூரில் அனுமதிக்கப்படவில்லை. "வென்றால் மட்டும் பங்கு கொடுங்கள்" என்று மருத்துவமனை வாசலிலோ தங்குவிடுதியிலோ வாட்ஸ்அப் குழுவிலோ அணுகும் இடைத்தரகரிடம் விலகியே இருங்கள். கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவில் ஒரு பகுதியை நீங்கள் ஏற்க நேரிடும் என்பதையும், அது எவ்வளவு ஆகக்கூடும் என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். குறையுள்ள பொருள் தொடர்பான வழக்கு சாதாரண விபத்து வழக்கைவிடச் செலவு மிக்கது. காயம் சிறியது என்றால் காற்றுப்பைத் தயாரிப்பாளரை விட்டுவிட்டு, எதிர் ஓட்டுநரின் காப்புறுதியோடு முடித்துக்கொள்ளுமாறு நேர்மையான வழக்கறிஞரே சொல்லக்கூடும், அதில் தவறில்லை.

வருமானம் குறைந்த குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசின் சட்ட உதவிப் பிரிவில் விண்ணப்பிக்கலாம். புரோ போனோ எஸ்ஜி அமைப்பின் சட்ட ஆலோசனை முகாம்களில் தொண்டூழிய வழக்கறிஞர்களை இலவசமாகச் சந்திக்கலாம். நேரம் குறைவு என்பதால், நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு, காவல்துறை அறிக்கை, காப்புறுதி அறிக்கை, வண்டி வாங்கிய ஒப்பந்தம், பழுதுபார்த்த ரசீதுகள், மீட்டுக்கொள்ளும் கடிதம், மருத்துவச் சான்றுகள் ஆகியவற்றின் நகல்களுடன் செல்லுங்கள். வெளிநாட்டு ஊழியர்கள் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தை நாடலாம்.

காப்புறுதி நிறுவனமோ கார் விற்பனையாளரோ ஒரு தொகையுடன் நீட்டும் தாளில் "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டிச் சேதத்துக்கு மட்டும் என்று சொல்லித் தரப்படும் தாளிலும் சில வேளைகளில் உடற்காயக் கோரிக்கை சேர்ந்தே அடங்கியிருக்கும். அப்படியிருந்தால் காயக் கோரிக்கையையும், வண்டியின் பாகங்களைப் பாதுகாக்கும் உரிமையையும் விலக்கித் திருத்தி எழுதித் தருமாறு கேளுங்கள். மறுத்தால், கையெழுத்திடுவதற்கு முன் அந்தத் தாளை வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.